வரிசையில் ஒரு காலி இடம்

ஆற்றில் நீர்நாய்கள் மீன் பிடிப்பதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? இல்லையா? சரி, அப்படியானால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தனியாகப் பாய்ந்து பிடிக்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. கூட்டமாக இறங்குவார்கள். பிறை நிலா மாதிரி வளைந்து வரிசை கட்டுவார்கள். மீன்களை முன்னால் தள்ளிக்கொண்டே போய், ஆழமில்லாத இடத்தில் மடக்கிவிடுவார்கள். அந்த வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. குட்டி முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கும் நாளிலேயே அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறு யாரும் நுழைய மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போதே நீச்சல் வந்துவிடாது. அம்மாதான் கழுத்தைக் கவ்வித் தண்ணீரில் இறக்க வேண்டும். குட்டி வீல் வீல் என்று கத்தும். நம் வீட்டில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கும்போது நடக்கிற அதே ரகளைதான்!

நாவல்மடு என்று ஒரு மடு. காட்டாறு வளைந்து திரும்பும் இடம். அங்கே கெண்டையம்மா என்ற நீர்நாய் இருந்தாள். அவளுக்கு வளர்ந்த மகன் துழாவி, மகள் சிலும்பி. சிலும்பி பொடிசு. அப்போதுதான் அவளைக் கவ்விக் கவ்வித் தண்ணீருக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள் அம்மா. வரிசையில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே அவளுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் அவள் நின்றதைவிட அம்மா முதுகில் ஏறிக்கொண்டதுதான் அதிகம்.

அந்தக் காட்டுக்கு ராஜா, திமிலன் என்ற காட்டெருமை. கெட்டவர் இல்லை. ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் அவருக்குச் சரியாகப் படும். அவருக்கு மந்திரி, கிளறன் என்ற காட்டுப்பன்றி.

கிளறனுக்கு நாவல்மடுக் கரைமேல் ஒரு கண். கரை முழுக்கக் கோரைப்புல். அடியில் இனிக்கிற கிழங்கு. ஆனால் பன்றிகள் தோண்ட வந்தால் நீர்நாய்கள் ஒன்றுகூடி விரட்டிவிடுவார்கள். கரை சரிந்தால் வளை இடிந்துவிடுமே!

ஒருநாள் கிளறன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ராஜாவிடம் போனான்.

“ராஜா, மனசே ஆறலீங்க!”

“என்னய்யா ஆச்சு?”

“ஆத்துல கெடக்குதே நீர்நாய்ங்க, நாகரிகமே தெரியாம வளருதுங்க. புல்லுத் திங்கறதில்ல. பேச்சும் பேச்சா அது? வெறும் சீழ்க்கை! எந்நேரமும் ஈரம்! நம்ம ராஜ்ஜியத்துக்கே கேவலமில்லீங்களா?”

“அடப் பாவமே! நான் புல்லுத்தானே திங்கறேன்? எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்! பெருசுங்க இனித் திருந்தாது. குட்டிகளை மேட்டுக்குக் கொண்டாந்து வளர்த்துவோம். அப்படியே உங்களை மாதிரி ஆக்கிடலாம்!”

‘உங்களை மாதிரி’ என்று கேட்டதும் ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்.

ராஜாவின் இளங்காளைகள் மடுவுக்கு வந்தன. குட்டிகளை வளைத்துப் பிடித்தன.

“எங்க கூட்டிட்டுப் போறீங்க? என் மகளுக்கு இன்னும் நீச்சலே வரலியே!” என்று கெண்டையம்மா கதறினாள்.

“ரொம்ப நல்லதாப் போச்சு! இனி அவளுக்கு நீச்சலே தேவையில்ல!” என்றது ஒரு காளை.

கெண்டையம்மா சீழ்க்கை அடித்தாள். நீர்நாய்களில் ஒவ்வொரு குட்டிக்கும் தனிச் சீழ்க்கை உண்டு. சிலும்பிக்கு உரியது, சின்னதாக ஏறி, நடுவில் உடைந்து, மறுபடி ஏறும். மேட்டுப் பாதை திரும்பும்வரை அந்தச் சத்தம் சிலும்பியின் பின்னாலேயே வந்தது. அப்புறம் கேட்கவில்லை.

மேட்டில் ஒரு பட்டி. சுற்றிலும் முள்வேலி. அங்கே டீச்சர், பாறைமணி என்ற வரையாடு. நல்ல மனசுக்காரி. கஷ்டமே அதுதான்! கெட்டவர்கள் அடித்தால் கோபமாவது வரும். இவளோ, “எல்லாம் உன் நல்லதுக்குத்தான் கண்ணு” என்று சொல்லிக்கொண்டே வெயிலில் நிறுத்துவாள். அவளிடம் எப்படிக் கோபப்படுவது?

“உன் பேரு என்ன?”

“சிலும்பி.”

“சீ, அதெல்லாம் ஒரு பேரா? இன்னைக்கிருந்து நீ புல்லரசி!”

சீழ்க்கை அடித்தால் வெயிலில் நிற்க வேண்டும். மழைக் குட்டையில் கால் வைத்தாலும் வெயில்தான். பேச வேண்டுமென்றால் காட்டெருமை மாதிரி “ம்ம்மா” என்றுதான் பேச வேண்டும். சாப்பாடு புல்லுக்கூழ். குட்டிகளின் ரோமம் பளபளப்புப் போய்த் தேங்காய் நார் மாதிரி ஆனது. ராத்திரி பகல் என்று பார்க்காமல் அழுத குட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக அழுவதை நிறுத்தின. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். “பார்த்தீங்களா, பழகிட்டாங்க!” என்றாள்.

ஒருநாள் சிலும்பியின் தலைமேல் ‘பொத்’தென்று ஏதோ விழுந்தது. ஒரு சின்ன மீன்! நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மீன்கொத்தி பறந்து போய்க்கொண்டிருந்தாள்.

‘பாவம், வாயில் பிடிப்பே இல்லாத பறவை!’ என்று நினைத்துக்கொண்டாள் சிலும்பி.

“ஐயே, நாத்தம்! மண்ணுல பொதைச்சிடு!” என்றாள் டீச்சர்.

சிலும்பி மீனின் தலையை மட்டும் புதைத்தாள். மீதியைத் தின்றுவிட்டாள்.

அந்தப் பறவைக்கு அடிக்கடி வாய் தவறியது. சிலும்பியும் அடிக்கடி தலையை மட்டும் புதைத்தாள்.

இங்கே ஆற்றில் என்ன நடந்தது? பெற்றவர்கள் பாதி நாளை மேட்டு அடிவாரத்திலேயே கழித்தார்கள். வேலிப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரையைக் காக்க ஆள் இல்லை. கிளறன் இதற்குத்தானே காத்திருந்தான்? தன் கூட்டத்தோடு இறங்கிக் கோரையை வேரோடு புரட்டிப் போட்டான்.

வருஷங்கள் ஓடின. சிலும்பி பட்டியிலேயே வளர்ந்தாள். நாவல்மடுவிலிருந்து அவளோடு பிடித்துவரப்பட்ட நெட்டுவாலனை அங்கேயே கட்டிக்கொண்டாள். குமிழி என்று ஒரு மகன் பிறந்தான். டீச்சருக்குத் தெரியாமல்தான் அந்தப் பெயர்!

ஒரு பெருமழைக் காலத்தில், பிடித்து நிறுத்தக் கோரை இல்லாத கரை சரசரவென்று சரிந்தது. மடுவெல்லாம் சேறு. ராஜா அந்தத் தண்ணீரைக் குடித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்கும் மரத்துக்கும் ஓடினார்.

“யாருய்யா கரையக் கிளறுனது?” என்று கத்தினார்.

“மழைங்க ராஜா! எல்லாம் மழை!” என்றான் கிளறன்.

“மழைக்கு மூக்கு மொளைச்சிருக்குதா? இது மூக்குல நோண்டுன குழிய்யா! நீர்நாய்ங்க கரையக் காத்தப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பட்டிய மூடுங்க! எல்லாரும் ஆத்துக்கே போகட்டும்!”

அவ்வளவுதான். முள்கதவு திறந்தது. ‘தப்புப் பண்ணிட்டோம்’ என்று ஒரு வார்த்தை? அது யார் வாயிலிருந்தும் வரவில்லை.

“வாங்க, போலாம்” என்றாள் சிலும்பி.

நெட்டுவாலன் எழுந்திருக்கவே இல்லை. “நீ போ. அங்க நம்மள யாரு நெனச்சுட்டு இருக்கப் போறாங்க? நீந்தத் தெரியாத நீர்நாயைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வாங்க. எனக்கு இந்த மேடு போதும்.”

“குமிழியப் பாருங்க! புல்லுக்கூழ் அவன் ஒடம்புல ஒட்டவே இல்ல. அந்தப் பறவை போடற ஒரு மீன் எந்த மூலைக்கு? எலும்பெல்லாம் தெரியுது. மீன் கெடைக்கலேன்னா புள்ள பொழைக்க மாட்டான்ங்க!”

“அதான் நீ போன்னு சொல்றேன்” என்றான் அவன். முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சிலும்பி மகனைக் கவ்விக்கொண்டு ஆற்றுக்கு வந்தாள். வந்தாளே தவிர, முன்னால் போகத் தைரியம் வரவில்லை. மிச்சமிருந்த கோரைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தாள்.

மடுவில் நீர்நாய்கள் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறை நிலா மாதிரி அழகான வரிசை. மீன்கள் முன்னால் துள்ளித் துள்ளி ஓடின. ஆனால் இது என்ன கூத்து? வரிசையில் அங்கங்கே இடைவெளி! நடுவில் ஒரு நரைத்த நீர்நாய்க்கும் பக்கத்தில் ஒரு தடியனுக்கும் இடையே ஓர் ஆள் நிற்கிற அளவுக்குப் பெரிய ஓட்டை. வந்த மீனெல்லாம் அந்த வழியாகச் சல்லென்று நழுவிப் போனது. அவர்களுக்கு மிஞ்சியது ஒரு வாய் மீன்.

சிலும்பிக்குப் பொறுக்கவில்லை. மகன் பசியில் துவண்டு கிடக்கிறான், இவர்கள் மீனை இப்படி வீணடிக்கிறார்களே! வெளியே ஓடி வந்து, “ம்ம்மா!” என்று எருமைக் குரலில் கத்தினாள்.

வரிசை அப்படியே நின்றது.

“ஏனுங்க! உங்க வரிசைல ஓட்டை இருக்குதுங்க! கண்ணு தெரியலீங்களா? நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி வந்தா ஒரு மீன்கூடத் தப்பாதே! உங்களுக்கெல்லாம் ஒண்ணுமே தெரியாதுன்னு பட்டியில சொன்னது சரிதான் போல!”

தடியன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “நீங்க யாருங்கம்மா?”

“புல்லரசி.”

நரைத்த நீர்நாய் மெல்லக் கரைப்பக்கம் வந்தாள். மோந்து பார்த்தாள். பிறகு சீழ்க்கை அடித்தாள். சின்னதாக ஏறி, நடுவில் உடைந்து, மறுபடி ஏறியது.

சிலும்பியின் காது தானாக நிமிர்ந்தது. மறந்துவிட்டதாக அவள் நினைத்திருந்த சீழ்க்கை அது.

“அது ஓட்டை இல்ல அம்மிணி,” என்றாள் கெண்டையம்மா. “அது உன்னோட எடம்.”

சிலும்பி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மூடியிருக்கலாமே அம்மா! இத்தனை வருஷமா அந்த வழியாத்தானே மீனெல்லாம் போயிருக்கும்?”

“போச்சு போச்சு, நல்லாவே போச்சு!” என்றான் அந்தத் தடியன். அவன்தான் அண்ணன் துழாவி. “பல நாள் வயிறு காஞ்சுதான் கெடந்தோம். அந்தக் கிளறன்கூட கரைமேல நின்னு, வரிசை கட்டத் தெரியாத முட்டாளுங்கன்னு சிரிப்பான். அதுக்காக மூடிட முடியுமா? நீ வந்து ‘அண்ணா, என் எடம் எங்க’ன்னு கேட்டா, நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?”

“எல்லாத்தையும் சொல்றீங்க, என்னைய விட்டுட்டீங்களே!” என்று ஒரு குரல் கேட்டது. நாவல் கிளையில் நீலாச்சி என்ற மீன்கொத்தி உட்கார்ந்திருந்தாள். “கெடைக்கற ஒரு வாய்ல ஒண்ண எடுத்து வெச்சு, ‘எம் மகளுக்குக் குடுத்துட்டு வா’ன்னு உங்கம்மா என்னையப் பாடாப் படுத்துவாங்க. அத்தனை மேடு ஏறிப் பறந்தது யாரு?”

“நீங்களா? வாய் தவறிப் போடறீங்கன்னு நெனச்சேனே!”

“வாய் தவறியா? நானா? எங்க வம்சத்துலயே கவ்வுன மீனைத் தவறவிட்டவ கெடையாது, தெரிஞ்சுக்க!”

சிலும்பி அம்மாவின் ஈரக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் கிளறன். சும்மா வரவில்லை. ராஜாவையும் அழைத்து வந்திருந்தான்.

“பாருங்க ராஜா! இவளுக்கு நீச்சல் தெரியாது. சீழ்க்கை வராது. பேரும் புல்லரசி. இவ நீர்நாயே இல்லீங்க! ஆத்தங்கரைல இவளுக்கு என்ன வேலை? பட்டியில இருந்து வர்ற அத்தனை பேரையும் குட்டிகளோட மேட்டுக்கே அனுப்பிடுங்க. பாதிக் கரை மிச்சமாகும்!”

“நீந்த விடாமப் பண்ணுனதே நீதானடா!” என்று சீறினாள் கெண்டையம்மா.

ராஜாவுக்குக் குழப்பம். கிளறன் பேசியபோது அவன் சொன்னது சரியென்று பட்டது. கெண்டையம்மா பேசியதும் அவள் சொன்னது சரியென்று பட்டது. தலையைச் சிலுப்பிக்கொண்டு, “சண்டை வேண்டாம். ஏம்மா, நீ ஆத்துக்காரிதானே? எறங்கு, உன் எடத்துல போய் நில்லு. நின்னுட்டீன்னா கரை உங்களுது. இல்லாட்டி மேட்டுக்குக் கெளம்பு” என்றார்.

சிலும்பி மடுவைப் பார்த்தாள். அவளுடைய இடம் நட்ட நடுவில், கரும்பச்சையாக ஆழம் தெரிகிற இடத்தில் இருந்தது. அவளுடைய நார் ரோமம் தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். பக்கத்தில் குமிழி, “ம்மா... ம்மா...” என்று பசியில் முனகினான். மேட்டுக்குத் திரும்பினால் அங்கே புல்லுக்கூழ்தான். பிள்ளை தேற மாட்டான்.

ஒரு காலை எடுத்து வைத்தாள். பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“என்னால முடியாதுங்க ராஜா” என்றாள்.

“கேட்டுக்கிட்டீங்களா?” என்று குதித்தான் கிளறன்.

கெண்டையம்மா நீந்திப் போய் வரிசையில் தன் இடத்தில் நின்றாள். துழாவி கிளறனோடு வாதாடவில்லை. சீழ்க்கை ஒன்று அடித்தான். அவ்வளவுதான்! மடுவின் நடுவில் நின்ற வரிசை முழுவதும் திரும்பியது. வளைந்தது. அசைந்து அசைந்து கரையை நோக்கி வந்தது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே இருந்த அந்தக் காலி இடம், நேராக வந்து சிலும்பியின் காலடியில் நின்றது. அங்கே தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

“எடத்துக்கு உன்னால வர முடியலேன்னா என்ன அம்மிணி? எடம் உன்கிட்ட வந்திருச்சு. காலை மட்டும் வை!” என்றான் துழாவி.

சிலும்பி மகனின் கழுத்தைக் கவ்விக்கொண்டாள். காலை வைத்தாள். ஒரு பக்கம் அம்மாவின் முதுகு. இன்னொரு பக்கம் அண்ணனின் முதுகு. நடுவில் அவள் சரியாகப் பொருந்தினாள்.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை! வரிசைக்கும் கரைக்கும் நடுவே மாட்டிய மீன்கள் வழக்கமான வழியில் தப்பிக்கலாம் என்று ஓடி வந்தன. வந்த வேகத்தில் சிலும்பியின் காலிலேயே முட்டின! அவள் நீந்தவும் இல்லை, பாயவும் இல்லை. சும்மா நின்றாள். திகைத்துத் திரும்பிய மீன்களை மற்றவர்கள் அள்ளினார்கள். மடுவில் வெகுகாலமாக அப்படி ஒரு மீன்பாடு கிடையாது.

குமிழியின் வாயில் முதல் மீனை வைத்தாள் கெண்டையம்மா. அவன் கடித்தான். கண் விரிந்தது. “இன்னொண்ணு!” என்று துள்ளியதில் தண்ணீரில் குப்புற விழுந்தான். “வீல்!” என்று கத்தினான். அப்பாடா, அந்தக் கத்தலில் எருமைக் குரல் துளியும் இல்லை!

சிலும்பி சந்தோஷத்தில் சீழ்க்கை அடிக்கப் பார்த்தாள். பாதி எருமையாகவும் பாதி நீர்நாயாகவும் ஏதோ ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெட்டுவாலன் பயந்த சிரிப்பு இல்லை இது. அவளும்தான் சேர்ந்து சிரித்தாள்.

“நின்னுட்டாளேய்யா!” என்றார் ராஜா. “அவ அளவுக்கே தைச்ச மாதிரி இருக்குது அந்த எடம்! கரை இவங்களுது. கிளறா, நீ கெளம்பு!”

கிளறன் கிளம்பவில்லை. நீர்நாய்கள் ஒன்றுகூடி விரட்டியபோது கிளம்பினான். சேறு தெறிக்கத் தெறிக்க ஓடினான். அவனோடு அவன் மந்திரி வேலையும் ஓடிப் போனது.

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “ஒரு நல்ல யோசனை! திரும்பி வர்றவங்களுக்கு நீச்சல் சொல்லித்தர நானே ஒரு பட்டி கட்டட்டுமா?”

“ஐயோ, வேண்டாங்க ராஜா!” என்று பதறினாள் சிலும்பி. “கரைய யாரும் கிளறாமப் பார்த்துக்கிட்டாப் போதுங்க. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்!”

ராஜா யோசித்தார். கடைசியாகப் பேசியது சிலும்பிதானே? அதனால் அவள் சொன்னதே சரியென்று பட்டது. நல்ல வேளை!

போனதெல்லாம் திரும்பிவிட்டதா என்றால், இல்லை. ஆழத்துக்குப் போனால் சிலும்பிக்கு இன்றும் மூச்சு முட்டும். சில நாள் தூக்கத்தில் “ம்ம்மா” என்று உளறுவாள். அந்த நாட்களில் வரிசை கொஞ்சம் கரையோரமாகவே போகும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. குமிழி தேறிவிட்டான். கொழுகொழுவென்று ஆகி, அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஓர் இடமும் வாங்கிவிட்டான். தன்னை வெயிலில் நிறுத்தியவர்களைச் சிலும்பி மறக்கவில்லை. ஆனால் விடியும்போது அவள் முதலில் நினைப்பது, பசியோடு கிடந்தும் தன் இடத்தை மூடாதவர்களைத்தான்.

துழாவிக்கு அந்தப் பக்கம் நெட்டுவாலனின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த வழியாக மீன் இன்னும் தப்பித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒருவரைப் பிடித்துவந்து நம்மைப் போல ஆக்குவது உதவியே இல்லை, அவர் அவராகவே திரும்பி வர ஓர் இடத்தைக் காத்து வைத்திருப்பதுதான் உதவி.

வரிசையில் நின்ற அந்த முதல் நாளே, பிடித்ததிலேயே கொழுத்த மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, நாவல் மரத்தடியில் போய் நின்றாள் சிலும்பி.

“நீலாச்சி அக்கா, ஒரு நடை மேட்டுக்குப் போய்ட்டு வாங்க. வேலிப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பார். இந்த மீனைத் தலைமேல போட்டுட்டு உடனே பறந்துடாதீங்க. பக்கத்துல போய் உட்கார்ந்து, ‘உங்க எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது, வாங்க’ன்னு நல்லாக் காதுல விழற மாதிரி சொல்லிட்டு வாங்கக்கா!”